நேரப் பட்டியலில் தொடங்குவோம்

(வலைப்பக்கம் செய்யக் கற்கத் தொடங்குவோருக்காக நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வலைப்பக்கம் செய்யக் கற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் வாங்கணும்?" அடுத்துக் கேட்பது, "நல்ல டெம்ப்ளேட் எங்கே கிடைக்கும்?" இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். விண்டோஸ் கணினி என்றால் அதில் நோட்பேட் இருக்கும். கூடவே ஏதாவது ஒரு பிரவுசர். தொடக்கத்தில் இணைய இணைப்புகூடத் தேவையில்லை. நோட்பேடில் எழுதி, கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து எச்டிஎம்எல் என்று சேர்த்துச் சேமித்துத் திறந்தால், உங்கள் முதல் பக்கம் பிரவுசரில் வந்து நிற்கும்.

நான் இன்று வலியுறுத்த வந்தது ஒன்றுதான். வலைப்பக்கம் என்பது படிப்பதற்காக எழுதப்படுவது. யார் திறந்தாலும், எந்தக் கருவியில் திறந்தாலும், சொல்ல வந்தது அவரிடம் போய்ச் சேர வேண்டும். நிறமும் படமும் அசைவும் அதற்குப் பிறகு. நம்மூரில் பலரும் இதைத் தலைகீழாகக் கற்கிறார்கள். அதனால்தான் பார்க்கப் பகட்டாகவும் படிக்கப் பெரும்பாடாகவும் இத்தனை தமிழ்த் தளங்கள் இருக்கின்றன.

வலை எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் இந்த வரிசை விளங்கும். ஜெனீவாவை அடுத்துள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் பல நாட்டு விஞ்ஞானிகள் வருவார்கள், சில ஆண்டுகள் இருப்பார்கள், ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். ஒவ்வொரு குழுவிடமும் ஒவ்வொரு வகைக் கணினி. ஒருவர் எழுதிவைத்த குறிப்பை இன்னொருவர் கணினியில் படிப்பது பெரும் தொல்லை. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ, 1989 மார்ச்சில் இதற்கொரு தீர்வை எழுதித் தம் மேலாளர் மைக் செண்டாலிடம் கொடுத்தார். தெளிவாக இல்லை, ஆனாலும் உற்சாகம் தருகிறது என்ற கருத்தில் செண்டால் அதன் மேல் மூன்றே சொற்களில் குறித்தார். அவர் தடுக்கவில்லை, அதுதான் உலகத்துக்கு நல்லதாகப் போயிற்று. நெக்ஸ்ட் நிறுவனத்தின் கறுப்புக் கணினி ஒன்றில் முதல் சர்வர் ஓடியது. இதை அணைத்துவிடாதீர்கள் என்று கையால் எழுதிய சீட்டு ஒன்றை அதன் மேல் ஒட்டி வைத்திருந்தார்கள். 1991 ஆகஸ்டில் வெளியுலகுக்குச் செய்தி போனது. 1993 ஏப்ரல் 30 அன்று, இந்த நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. நீங்களும் நானும் யாருக்கும் பணம் கட்டாமல், அனுமதி கேட்காமல் பக்கம் எழுத முடிவது அந்த அறிவிப்பால்தான்.

அந்த சர்வரில் இருந்த முதல் தளத்தின் ஆரம்பகாலப் பக்கத்தை செர்ன் இன்றும் இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டுக்குப் போனதும் திறந்து பாருங்கள். படம் கிடையாது. நிறம் என்று பார்த்தால் இணைப்புகளின் நீலம் மட்டும். பிறகு கண்ட்ரோல் விசையோடு யூ எழுத்தை அழுத்துங்கள். பக்கத்தின் மூல நிரல் திறக்கும். தலைப்பு, பத்திகள், இணைப்புகள், அவற்றைச் சுற்றிக் கோண அடைப்புக்குள் சில குறிகள், அவ்வளவுதான். அதில் நெக்ஸ்ட்-ஐடி என்றொரு குறி இருக்கிறது. வழக்கொழிந்து போனது. இன்றைய பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய், மற்றதை ஒழுங்காகக் காட்டுகிறது. முப்பது ஆண்டுக்கு முந்தைய ஆவணம் எந்த மாற்றமும் செய்யாமல் இன்றைய கருவியில் திறக்கிறது என்பது கணினி உலகில் அரிய செய்தி. தெரியாத குறி வந்தால் விட்டுவிடு, எழுத்தைக் காட்டு என்ற ஏற்பாடு அடித்தளத்திலேயே இருப்பதால் இது நடக்கிறது. ஒரு தலைமுறையே இப்படி அடுத்தவர் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்துத்தான் இந்தத் தொழிலைக் கற்றது.

சரி, நாமும் ஒரு பக்கம் செய்வோம். பயிற்சி வகுப்புகளில் 'என்னைப் பற்றி' என்று பக்கம் செய்யச் சொல்வார்கள். அதைவிட, யாருக்கோ தேவைப்படும் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. துறையூர்ப் பேருந்து நிலையத்தை வைத்துக்கொள்வோம். திருச்சி, பெரம்பலூர், நாமக்கல், ஆத்தூர் என்று நாலாபக்கமும் வண்டி போகிற ஊர். அங்கிருந்து கிளம்பும் பேருந்துகளின் நேரப் பட்டியல்தான் நம் பக்கம். படிக்கப்போவது யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இடுப்பில் குழந்தை, கையில் ஐந்து வருடப் பழைய போன், தலைக்கு மேல் பதினோரு மணி வெயில், சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஆத்தூர் வண்டி எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும். இனி ஒவ்வொரு முடிவையும் அவரை மனத்தில் வைத்துத்தான் எடுக்கப் போகிறோம்.

முதலில், தாளில் எழுதுவதுபோல நோட்பேடில் அடித்துவிடுங்கள். மேலே 'துறையூர் பேருந்து நேரம்', கீழே ஒவ்வொரு ஊர்ப் பெயர், அதன் கீழ் நேரங்கள், வரிக்கு ஒன்றாக. சேமித்துப் பிரவுசரில் திறந்தால் பலருக்கும் திகைப்பாக இருக்கும். வரி வரியாக அடித்ததெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பத்தியாக ஓடும். தலைப்பும் தெரியாது, ஊரும் தெரியாது. பிரவுசரின் கணக்கில், நீங்கள் என்டர் தட்டிய இடம் வெறும் ஓர் இடைவெளிதான். திரையின் அகலம் எழுதுகிறவருக்குத் தெரியாது. ஆகவே வரியை எங்கே மடிப்பது என்பதைப் பிரவுசர் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை என்று நீங்கள் சொல்லித்தான் அதற்குத் தெரியும். எச்டிஎம்எல் செய்யும் வேலை அதுவே.

பக்கத்தின் பெயருக்கு எச்1 குறி. ஒவ்வொரு ஊருக்கும் எச்2. விளக்க வரிகளுக்கு பி. நேரங்களுக்கு டேபிள், அதன் வரிசைகளுக்கு டிஆர், தலைப்புக் கட்டங்களுக்கு டிஎச், மற்றக் கட்டங்களுக்கு டிடி. தொடங்கிய குறியை ஒரு சாய்கோட்டோடு முடித்துவிட வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் இதைக் கற்றுக்கொள்ளலாம். கற்ற பிறகு சரியாகப் பயன்படுத்துவதற்குத்தான் மனம் வேண்டும். ஏனென்றால் எச்2 போடாமலே ஓர் எழுத்தைப் பெரிதாகவும் தடிப்பாகவும் காட்ட முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

கண்ணால் படிக்காதவருக்கு அவை ஒன்றல்ல. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளைக் கொண்டு பக்கத்தைக் கேட்கிறார்கள். அவற்றில் என்விடிஏ என்பது இலவசம்; 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது, அவரும் பார்வையற்றவர். அதைப் பயன்படுத்துகிறவர் விசைப்பலகையில் எச் எழுத்தைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். டி தட்டினால் அடுத்த அட்டவணை. நீங்கள் எச்2 போட்டிருந்தால் திருச்சி, பெரம்பலூர், நாமக்கல் என்று தட்டித் தட்டிச் சில நொடியில் ஆத்தூருக்கு வந்துவிடுவார். போடவில்லை என்றால் முதல் வரியிலிருந்து அத்தனையையும் கேட்டாக வேண்டும். டிஎச் போட்ட அட்டவணையில் கட்டம் கட்டமாக நகரும்போது, 'புறப்படும் நேரம்' என்று தலைப்பையும் சேர்த்துச் சொல்லும். போடாவிட்டால் வெறும் எண்கள் காதில் விழும். ஒருமுறை என்விடிஏவை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, நீங்கள் செய்த பக்கத்தைக் காதால் கேட்டுப் பாருங்கள். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அதில் இருக்கிறது.

இணைப்புகளும் அப்படியே. 'இங்கே சொடுக்கவும்' என்று பத்து இடத்தில் எழுதியிருப்பார்கள். திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்பவருக்கு 'இங்கே சொடுக்கவும்' பத்து முறை ஒலிக்கும். 'நாமக்கல் பேருந்து நேரம்' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். விசாரணை அலுவலகத் தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும்படி இணைப்பாக்கிவிடுங்கள். பேருந்து நிலையத்தில் நிற்கிறவர் எண்ணை மனப்பாடம் செய்து அடிக்க வேண்டியதில்லை.

இனி, தமிழில் பக்கம் செய்பவர்கள் தவறவிடக் கூடாத இரண்டு வரிகள். ஒன்று, பக்கத்தின் தொடக்கத்தில் இது எந்த மொழி என்று அறிவிப்பது. எச்டிஎம்எல் குறிக்குள் லேங் என்று எழுதி டிஏ என்று குறித்தால், இது தமிழ் என்று பொருள். திரைவாசிப்பான் தமிழ்க் குரலை எடுத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் ஆங்கிலக் குரலில் தமிழை வாசிக்க முயலும். கேட்டால் ஒன்றும் விளங்காது. மற்றொன்று, எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று சொல்வது.

இந்த இரண்டாவது வரிக்குப் பின்னால் நம் மொழி பட்ட பாடு இருக்கிறது. இலங்கையிலும் தமிழகத்து டி.டி.பி. கடைகளிலும் நெடுங்காலம் புழங்கிய பாமினி எழுத்துருவை உங்களில் பலர் அறிவீர்கள். அதில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கணினிக்குள் இருப்பதோ ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு தமிழ் முகத்தை மாட்டிவிடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகம் போய், பொருளற்ற ஆங்கில எழுத்துகள் எஞ்சும். தேடுபொறிக்கும் அகப்படாது. தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ் இதழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் ஓர் எழுத்துரு வைத்திருந்தன. ஒரு தளத்தைப் படிக்க அதன் எழுத்துருவை முதலில் இறக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு; யூடிஎஃப்-8 அதை எழுதும் முறை. அதில் தமிழ் 1991-லேயே, முதல் பதிப்பிலேயே இடம் பெற்றுவிட்டது. ஆனால் சாதாரணக் கணினிக்கு அது வந்து சேர விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அக்காலத்து எழுத்துரு முறைகளில் ஏற்றியது. பின்னர் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வெளியிட்டது. அத்திட்டத்தை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றியவர். வலை பிறந்த ஜெனீவா இருக்கும் அதே ஏரிக்கரையில் இருக்கிறது லோசான். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த அந்த நூல்களை இன்று உங்கள் போனில் தேடிப் படிக்க முடிகிறது என்றால், யாரோ அவற்றைப் படமாக இல்லாமல் எழுத்தாக ஏற்றியதும், குறியீடு மாறியபோது பொறுமையாக மாற்றியதும்தான் காரணம். ஆகவே அச்சகத்தில் அடித்த பாமினிக் கோப்பை அப்படியே ஒட்டாமல், யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

படம் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நேரப் பட்டியல் பலகையைப் போனில் படம் பிடித்து ஏற்றிவிட்டால் என்ன என்று தோன்றும். பல அறிவிப்புகள் அப்படித்தான் வருகின்றன. இன்றைய போனில் எடுத்த ஒரு படம் 3 அல்லது 4 எம்பி இருக்கும். நாற்பது வரிப் பட்டியலை எழுத்தாக அடித்தால், யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் போனாலும், 20 கிலோபைட்டைத் தாண்டாது. நூற்றைம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் எழுத்து வந்துவிடும். படம் சுற்றிக்கொண்டே இருக்கும். படத்தில் தேட முடியாது, பெரிதாக்கினால் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும், பார்வையற்றவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. நேரம் மாறினால் மறுபடி படம் எடுக்க வேண்டும். படம் போட்டே ஆக வேண்டிய இடத்தில் ஆல்ட் என்ற பண்பில் அது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்போது அழகுக்கு வருவோம். அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று தனி இடம் இருக்கிறது. ஹோக்கன் வியூம் லீ என்ற நார்வேக்காரர், அப்போது செர்னில் இருந்தவர், 1994 அக்டோபர் 10 அன்று பக்கத்தின் தோற்றத்தைத் தனியே எழுதிவைக்கும் சிஎஸ்எஸ் என்ற யோசனையை வெளியிட்டார். பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்தார். 1996 டிசம்பரில் அது வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாயிற்று. வியூம் லீயின் முதல் யோசனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு: பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதில் எழுதுகிறவருக்கு எவ்வளவு பங்கு, படிக்கிறவருக்கு எவ்வளவு பங்கு என்று விகிதம் வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்த விகிதக் கணக்கு நிலைக்கவில்லை. ஆனால் இன்றும் படிக்கிறவர் எழுத்தைப் பெரிதாக்கலாம், தம் எழுத்துருவை வைத்துக்கொள்ளலாம். பக்கம் இருவருக்கும் சொந்தம்.

சிஎஸ்எஸ் பரவும்வரை வடிவமைப்பாளர்கள் அட்டவணைக் குறியை வளைத்துப் பக்கம் கட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை இழுத்து இடைவெளி உண்டாக்கினார்கள். 2003-இல் டேவ் ஷே என்ற கனடாக்காரர் சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற தளத்தைத் தொடங்கினார். எச்டிஎம்எல் ஒன்றே, சிஎஸ்எஸ் கோப்பை மட்டும் மாற்றினால் ஒரு முறை பழைய திரைப்படச் சுவரொட்டி, மறுமுறை அமைதியான தோட்டம் என்று பக்கம் முற்றிலும் உருமாறும். பொருளையும் தோற்றத்தையும் பிரித்து வைப்பதால் என்ன கிடைக்கும் என்பதை அது உலகத்துக்குக் காட்டியது. இப்போதும் திறந்து பார்க்கலாம், மூல நிரலோடு.

தமிழுக்குச் சிஎஸ்எஸ் எழுதும்போது ஆங்கிலப் பாடநூல் சொல்லாத சில உண்டு. நம் எழுத்துகளில் பல மேலும் கீழும் நீளும். பிரவுசரின் இயல்பான வரி இடைவெளியில் மேல்வரியின் 'ழு'வும் கீழ்வரியின் 'கி'யும் முட்டிக்கொள்வதுபோல் நெருங்கும். வரி உயரத்தை 1.7 அளவுக்கு வையுங்கள், கண் இளைப்பாறும். எழுத்தின் அளவும் ஆங்கிலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அடுத்தது, இருபக்கமும் சமப்படுத்தும் வேலை. புத்தகத்தில் அழகாக இருக்கும். போன் திரையில் வரிக்கு மூன்று நான்கு சொல்தான் அடங்கும். 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்குத் தாவினால், மிஞ்சிய இரண்டு சொல்லும் இரண்டு ஓரத்துக்கு விலகி நடுவில் பெரும் பள்ளம் விழும். தமிழ்ச் செய்தித் தளங்களிலேயே இதைப் பார்க்கலாம். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

நிறத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது டபிள்யூ3சியின் அணுகல் வழிகாட்டி வகுத்த அளவு. வெள்ளையின் மேல் வெளிர்சாம்பல் எழுத்து ஏசி அறையில் நாகரிகமாகத் தெரியும். பதினோரு மணி வெயிலில் அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. கறுப்பில் எழுதுங்கள். ஊருக்கொரு நிறம் வேண்டுமானால் தலைப்பின் ஓரத்தில் ஒரு பட்டை போடுங்கள், தவறில்லை.

அடுத்து போன். 2007-இல் ஐபோன் வந்தபோது எல்லாப் பக்கங்களும் பெரிய திரைக்கு எழுதப்பட்டிருந்தன. அதனால் அதன் பிரவுசர் தன்னை 980 பிக்சல் அகலமுள்ள திரை என்று காட்டிக்கொண்டு, முழுப் பக்கத்தையும் சுருக்கி உள்ளங்கையில் அடக்கியது. இன்றும் நீங்கள் சொல்லாவிட்டால் போன் அந்தப் பழக்கத்தைத்தான் பின்பற்றும். வியூபோர்ட் என்ற ஒரே ஒரு மெட்டா வரி, கருவியின் உண்மையான அகலத்தை எடுத்துக்கொள் என்று சொல்கிறது. அதைச் சேர்த்த நொடியில் எறும்பளவு எழுத்து படிக்கும் அளவுக்கு வந்துவிடும். 2010-இல் ஈதன் மார்காட், திரைக்கேற்ப மடங்கி விரியும் வடிவமைப்பைப் பற்றி எழுதிய பிறகு, போனுக்குத் தனித்தளம் வைக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. நம் பட்டியலுக்கு அவ்வளவு கூடத் தேவையில்லை. இரண்டே நெடுவரிசை உள்ள அட்டவணை எந்தப் போனிலும் அடங்கும்.

ஜாவாஸ்கிரிப்ட்? 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதிய மொழி. இன்று உலகத்தையே ஆள்கிறது. கற்கத்தான் வேண்டும், மூன்றாவதாக. நம் பக்கத்தில் அதற்கு ஒரு நல்ல வேலை உண்டு: இப்போதைய மணியைப் பார்த்து அடுத்த வண்டியின் வரியைத் தடிப்பாகக் காட்டலாம். ஆனால் அந்த நிரல் வந்து சேராவிட்டாலும் பட்டியல் முழுதாகத் தெரிய வேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் பக்கம் செய்து தருகிறதே, இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தாராளமாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதில் தலைப்புக்கு எச்2 இருக்கிறதா, லேங் இருக்கிறதா, அட்டவணை உண்மையான அட்டவணையா என்று பார்த்துச் சொல்ல உங்களுக்குத் தெரிய வேண்டும். திரையில் அழகாகத் தெரிவதை மட்டும் பார்த்து ஒப்புக்கொண்டால், விட்டுப்போனது யாருக்கு என்பதே நமக்குத் தெரியாமல் போகும்.

பக்கத்தை முடித்ததும் டபிள்யூ3சியின் இலவசச் சரிபார்ப்பில் ஒட்டுங்கள்; மூடாமல் விட்ட குறியை வரி எண்ணோடு சொல்லும். கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்களில் செலவில்லாமல் ஏற்றலாம். பிறகு வீட்டில் இருப்பதிலேயே பழைய போனை எடுத்துக்கொண்டு உண்மையிலேயே பேருந்து நிலையத்துக்குப் போய் வெயிலில் நின்று திறந்து பாருங்கள். பக்கத்தில் நிற்கும் யாரிடமாவது போனைக் கொடுத்து, ஆத்தூர் வண்டி எப்போது என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று கவனித்து, அந்த இடத்தைத் திருத்துங்கள். கடைசி வரியில் 'நேரம் சரிபார்த்த நாள்' என்று தேதி போட்டு வையுங்கள். கால அட்டவணை மாறிய பிறகும் பழைய நேரத்தைக் காட்டும் பக்கம் ஒருவரை வண்டி தவறவிடச் செய்யும். எனவே மாதம் ஒருமுறை நிலையத்தில் விசாரித்து, பட்டியலையும் அந்தத் தேதியையும் மாற்றும் பொறுப்பு யாருடையது என்பதை, பக்கத்தை ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.